மஞ்சள் முதல் மாத்திரை வரை: உணவிலுள்ள தாவரப் பொருள்கள் பற்றிய ஆய்வுகளை எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

“மஞ்சள் புற்றுநோயைக் கொல்லும்.” “தக்காளி சாப்பிட்டால் மாரடைப்பு வராது.” “சாக்லேட் இதயத்துக்கு நல்லது.” குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் இந்த மாதிரிச் செய்திகளில் பலவற்றுக்குப் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கும். முழுப் பொய்யென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். எலிக்கு நடந்ததை மனிதனுக்கு நடந்ததாகவும், மாத்திரையில் கொடுத்ததைச் சாம்பாரில் போட்டதாகவும் சொல்வதுதான் இங்கே தொல்லை.

செடியில் இருக்கும் ஒரு பொருள் நம் நோயைத் தொடுவதற்குள் அடுப்பு, குடல், கல்லீரல், ரத்தம் எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும். வழியில் எங்கே வேண்டுமானாலும் அது காணாமல் போகலாம். ஆகவே ஒரு செய்தியைப் படித்ததும் கேட்க வேண்டியது “இது உண்மையா?” என்பதல்ல. “இந்த ஆய்வு எதுவரை வந்திருக்கிறது?” என்பதுதான். அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாகப் பார்க்கலாம். உதாரணத்துக்குப் பெரும்பாலும் மஞ்சளையே எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டுப் பொருள் என்பது ஒரு காரணம். இத்தனை ஆய்வுக்குப் பிறகும் இவ்வளவு கையை விரித்த பொருள் வேறு அதிகம் இல்லை என்பது இன்னொரு காரணம்.

படி 1: பேசப்படுவது உணவா, உணவிலிருந்து எடுத்த பொருளா?

மஞ்சள் வேறு, குர்குமின் வேறு. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினை 1815ல் ஃபோகல், பெல்லத்தியே என்ற இரு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு அமைப்பு 1910ல்தான் தெளிவானது. கடையில் வாங்கும் மஞ்சள்தூளில் குர்குமின் எடையில் சுமார் 3 சதவீதம்தான். ரகத்துக்கு ரகம் இது மாறும். மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7 சதவீதம் அளவுக்கு இருக்கும். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஈரோட்டு மஞ்சளில் அவ்வளவு இல்லை. மீதமெல்லாம் மாவுச்சத்து, நார்ச்சத்து, வாசனை எண்ணெய்.

ஆய்வுகளில் பெரும்பகுதி குர்குமினைப் பற்றியது. தலைப்பு மட்டும் “மஞ்சள்” என்று வரும். தக்காளிக்கும் லைக்கோபீனுக்கும், கேரட்டுக்கும் பீட்டா கரோட்டினுக்கும், திராட்சைக்கும் ரெஸ்வெரட்ராலுக்கும் இதே கதைதான். செய்தியில் பொருளின் பெயரைத் தேடிப் பிடித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயரே இல்லை, “மஞ்சளின் அற்புத சக்தி” என்று மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

படி 2: அளவுக் கணக்குப் போடுங்கள்

பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஆனாலும் பெரும்பாலான செய்திகள் இந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

நான்கு பேருக்கு வைக்கும் சாம்பாரில் அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் ஒன்றரை கிராம். அதில் 3 சதவீதம் என்றால் 45 மில்லிகிராம் குர்குமின். ஒருவர் பங்குக்கு 11 மில்லிகிராம். ஆய்வுகளில் கொடுப்பதோ பெரும்பாலும் நாளுக்கு 500 முதல் 1,500 மில்லிகிராம் வரை. ஆயிரம் மில்லிகிராம் குர்குமினைத் தூளிலிருந்தே பெற வேண்டுமானால் 33 கிராம் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும், பதினொரு டீஸ்பூன். அந்தச் சாம்பாரை யாரும் வாயில் வைக்க முடியாது.

அதற்காக உணவிலுள்ள சிறிய அளவால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐம்பது வருடம் தினமும் உள்ளே போகும் பொருளுக்கு வேறு கணக்கு இருக்கலாம். மாத்திரையில் நடந்த ஆய்வைக் காட்டிச் சாம்பாருக்குச் சான்றிதழ் தர முடியாது, அவ்வளவுதான்.

படி 3: எதில் சோதித்தார்கள்?

கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலா, எலியிலா, மனிதரிலா? செய்தியின் கடைசிப் பத்தியில் “ஆய்வகச் சோதனையில்” என்று ஓரமாக ஒரு சொல் இருக்கும். அதுதான் முக்கியமான சொல். புற்றுநோய் செல்கள் இருக்கும் தட்டில் எதை ஊற்றினாலும், போதிய அளவு ஊற்றினால், செல் சாகத்தான் செய்யும்.

குர்குமினுக்கு இதிலும் ஒரு தனித் தந்திரம் உண்டு. அது தானாகவே ஒளிரும், எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் சிதைந்துபோகும். மருந்து தேடும் சோதனைகள் பல, நிறமோ ஒளியோ மாறுவதை வைத்துத்தான் “பலன் உண்டு” என்று முடிவு செய்கின்றன. அதனால் பலனே இல்லாத இடத்திலும் குர்குமின் பலன் காட்டும். 2017ல் அமெரிக்காவின் மருத்துவ வேதியியல் இதழ் ஒன்றில் நெல்சனும் அவருடைய குழுவினரும் இதையெல்லாம் விரிவாக அலசி எழுதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மனித ஆய்வுகளைப் பார்த்த பிறகும், முறையான கட்டுப்பாடுகளோடு நடத்தி வெற்றிபெற்ற ஆய்வு ஒன்றைக்கூட அவர்களால் காட்ட முடியவில்லை. அந்தக் கட்டுரையைக் கடுமை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது, ஓர் இடத்தைத் தவிர. அதற்குப் படி 5ல் வருகிறேன்.

“ஆன்டி ஆக்சிடன்ட் சக்தி இத்தனை மடங்கு” என்ற வகைச் செய்திகளையும் இந்தப் படியிலேயே கழித்துவிடலாம். உணவுகளின் ஆன்டி ஆக்சிடன்ட் மதிப்பெண்களை அட்டவணையாக வெளியிட்டு வந்த அமெரிக்க வேளாண் துறை, சோதனைக் குழாயில் அளந்த அந்த எண்களுக்கும் மனித உடல்நலத்துக்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை என்று 2012ல் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. நெல்லிக்காய்ப் பொடி, மாதுளைச் சாறு விளம்பரங்களில் அந்த மாதிரி எண்கள் இன்னும் உலவுகின்றன.

“அமெரிக்காக்காரனே மஞ்சளுக்குக் காப்புரிமை வாங்கினான், தெரியுமா?” என்றும் ஒருவர் கிளம்புவார். உண்மைதான். புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களை ஆதாரம் காட்டி எதிர்த்து, 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. இந்தப் பயன்பாடு ஏற்கெனவே வழக்கில் இருந்தது என்பதுதான் அங்கே நிரூபணமானது. மஞ்சள் புண்ணை ஆற்றுகிறதா என்ற கேள்வியை அந்த வழக்கு தொடவே இல்லை.

படி 4: ரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறதா?

2006ல் வெளியான ஓர் ஆய்வில், 24 பேருக்குக் குர்குமினை அரை கிராமிலிருந்து 12 கிராம் வரை ஒரே வேளையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 8 கிராம் வரை சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் குர்குமின் தட்டுப்படவே இல்லை. 10, 12 கிராம் சாப்பிட்டவர்களில் இரண்டு பேரிடம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. நீரில் கரையாத பொருள் அது. குடலிலும் கல்லீரலிலும் உடனே வேறு பொருளாக மாற்றப்பட்டு வெளியேறிவிடுகிறது.

“மிளகோடு சேர்த்தால் 2000 சதவீதம் கூடும்” என்கிறார்களே? அதுவும் உண்மையான ஆய்வுதான். 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப் பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேரும் அளவு அந்த மடங்கு கூடியது. ஆனால் மிளகு இல்லாதபோது இருந்த அளவு ஏறத்தாழ பூச்சியம். கூடியதும் சில மணி நேரத்துக்குத்தான். மடங்குக் கணக்கு காதில் விழுந்தால் உடனே “எதிலிருந்து எதுவரை?” என்று கேளுங்கள். பைப்பரின் எப்படி இதைச் செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்நியப் பொருள்களைச் சிதைத்து அனுப்பும் கல்லீரல், குடல் நொதிகளை அது தடுக்கிறது. அதே நொதிகள்தான் நாம் சாப்பிடும் மருந்துகளையும் சிதைக்கின்றன. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிராப்ரனலால், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலின் போன்ற மருந்துகளின் ரத்த அளவும் பைப்பரினால் ஏறியிருக்கிறது. ரசத்தில் போடும் மிளகுக்கு இந்தக் கவலை வேண்டாம். தினமும் விழுங்கும் மாத்திரைக்குத்தான் கவனம் தேவை.

எல்லாப் பொருளும் குர்குமின் மாதிரி முரண்டு பிடிப்பதில்லை. தக்காளியின் சிவப்பான லைக்கோபீன், எண்ணெய் சேர்த்துச் சூடாக்கினால் நன்றாகவே உள்ளே போகும். 1992ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஷ்டாலும் ஸீஸும், எண்ணெயோடு கொதிக்க வைத்த தக்காளிச் சாறு ரத்தத்தில் லைக்கோபீனை உயர்த்துவதையும், சூடாக்காத சாறு உயர்த்தாததையும் காட்டினார்கள். சமைக்காத தக்காளி சாலட்டைவிட நம் தக்காளித் தொக்கு இந்த விஷயத்தில் ஒரு படி மேல்.

படி 5: மனித ஆய்வு என்றால், எந்த வகை?

இந்தப் படியில்தான் நிதானமாக நிற்க வேண்டும். மனித ஆய்வுகள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, யார் என்ன சாப்பிடுகிறார்கள், பிறகு யாருக்கு என்ன வருகிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பது. மற்றது, குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தும் இன்னொரு பகுதிக்கு அதே போன்ற வெற்று மாத்திரையும் கொடுப்பது. முதல் வகை யோசனை தரும். இரண்டாம் வகைதான் தீர்ப்பு சொல்லும். இந்த வேறுபாட்டை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது பீட்டா கரோட்டினால்.

கேரட்டும் கீரையும் அதிகம் சாப்பிடுபவர்களுக்கும், ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று 1970களிலும் 80களிலும் பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? பின்லாந்தில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1994ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். தற்செயலாக இருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், கல்நார்த் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்து நடந்துகொண்டிருந்த இன்னோர் ஆய்வை, 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்பாகவே நிறுத்த வேண்டியதாயிற்று. நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் இறப்பு 17 சதவீதமும் கூடியிருந்தன.

இதில் என்னை இன்னமும் யோசிக்க வைப்பது வேறு. பின்லாந்து ஆய்விலேயே, மாத்திரை தொடங்குவதற்கு முன் உணவு வழியாக அதிகம் பீட்டா கரோட்டின் பெற்றுவந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகத்தான் இருந்தது. முதல் வகை ஆய்வுகள் பார்த்தது பொய்யில்லை. காய்கறி அதிகம் சாப்பிடுபவர் வேறு பல வகையிலும் வித்தியாசமாக வாழ்பவர்; காய்கறிக்குள் வேறு நூறு பொருளும் இருக்கிறது. கரோட்டின் அதன் அடையாளமாக மட்டும் இருந்திருக்கலாம்.

குலுக்கல் ஆய்வே என்றாலும் இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு.

முதலாவது, எதை அளந்தார்கள்? தாவர ஸ்டெரால்கள் (செடிகளில் இருக்கும், கொலஸ்ட்ராலைப் போன்ற பொருள்கள்) நாளுக்கு 2 கிராம் அளவில் கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமார் 10 சதவீதம் குறைக்கின்றன. இது உறுதியான செய்தி. ஆனால் அவற்றால் மாரடைப்பு குறைந்தது என்று காட்டிய குலுக்கல் ஆய்வு கிடையாது. அளவுகோல் இறங்குவது வேறு, நோய் குறைவது வேறு.

இரண்டாவது, முதலிலேயே “இதைத்தான் பார்க்கப்போகிறோம்” என்று சொன்னது என்ன, பிறகு விளம்பரத்தில் வந்தது என்ன? சாக்லேட்டின் மூலப்பொருளான கொக்கோவில் இருக்கும் ஃபிளவனால் பற்றி அமெரிக்காவில் 21,442 பேரிடம் நடந்து 2022ல் வெளியான ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். இதய நோய் நிகழ்வுகள் மொத்தத்தில் குறைகிறதா என்பது முதன்மைக் கேள்வி. உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. இதய நோய் மரணம் மட்டும் 27 சதவீதம் குறைவு; அது இரண்டாம் நிலைக் கேள்வி. தலைப்புகளில் ஓடியது எது என்று சொல்லவே வேண்டாம். ஆய்வுக்குப் பணம் தந்தவர்களில் சாக்லேட் நிறுவனமான மார்ஸும் உண்டு. அதற்காக ஆய்வே பொய்யாகிவிடாது. நாளுக்கு 500 மில்லிகிராம் ஃபிளவனால் கொடுத்தது காப்ஸ்யூலில் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

மஞ்சளுக்கு நியாயம் செய்ய வேண்டிய இடமும் இதுதான். தாய்லாந்தில் மூட்டுத் தேய்மானம் உள்ள 367 பேரிடம் 4 வாரம் நடந்த ஆய்வில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு (மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்துச் செறிவாக்கிய பொருள்), வலி மாத்திரையான ஐபுபுரூஃபன் 1,200 மில்லிகிராமுக்கு இணையாக வலியைக் குறைத்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேரிடம் 12 வாரம் நடந்து 2020ல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரையைவிட மஞ்சள் சாற்றால் முழங்கால் வலி குறைந்தது. ஆனால் ஸ்கேனில் மூட்டு நீரின் அளவு மாறவில்லை. இரண்டுமே சின்ன, குறுகிய கால ஆய்வுகள். என் கணிப்பு: முழங்கால் வலிக்கு மஞ்சள் சாறு ஓரளவு உதவக்கூடும், புற்றுநோய்க்கும் மறதி நோய்க்கும் என்று விற்பதை நம்ப இன்று ஆதாரம் இல்லை.

படி 6: நீங்களே தேடிப் பாருங்கள்

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளம் இலவசம். பொருளின் பெயரையும் நோயின் பெயரையும் ஆங்கிலத்தில் போட்டு, பக்கவாட்டில் குலுக்கல் ஆய்வுகளுக்கும், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் தொகுப்பாய்வுகளுக்கும் உள்ள வடிகட்டியைத் தட்டுங்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் பக்கத்தின் தலையிலேயே அறிவிப்பு இருக்கும். குர்குமின் விஷயத்தில் இதைப் பார்ப்பது அவசியம், ஏனெனில் புகழ்பெற்ற ஓர் அமெரிக்க ஆய்வாளரின் கட்டுரைகள் மட்டுமே இருபதுக்கு மேல் திரும்பப் பெறப்பட்டுள்ளன. இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கு 2007ல் தொடங்கிய மருத்துவச் சோதனைப் பதிவேடு இருக்கிறது. சித்த, ஆயுர்வேத ஆய்வுகளும் அதில் வரும். எந்த உணவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவுக் கலவை அட்டவணை. நம் ஊர்க் கீரைகளின் கரோட்டின் கணக்கும் அதில் கிடைக்கும்.

படி 7: சமையலறையில் செய்யக்கூடியது

ஆய்வுகள் உறுதியாகச் சொல்லும் விஷயங்களில் பல, செலவில்லாத சமையல் பழக்கங்கள்தான். கேரட், கீரை, பூசணியின் கரோட்டின் கொழுப்பில் கரைவது. துளி எண்ணெயோ தேங்காயோ இல்லாமல் சாப்பிட்டால் பெரும்பகுதி வீண். பொரியலுக்குத் தேங்காய்த் துருவல் போடுவது வெறும் ருசிக்கு மட்டும் அல்ல.

முட்டைக்கோஸ், முள்ளங்கி, பிராக்கலி குடும்பத்துக்கு இன்னொரு கணக்கு. அவற்றின் காரப் பொருள்கள் செடிக்குள் தயார் நிலையில் இருப்பதில்லை. நறுக்கும்போது செல் உடைந்து, மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்தால்தான் அவை உருவாகும். சூட்டில் அந்த நொதி செத்துவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பால் டலாலே குழுவினர் 1992ல் பிராக்கலியிலிருந்து அந்தக் காரப் பொருள்களில் ஒன்றான சல்ஃபரஃபேனைப் பிரித்துக் காட்டிய பிறகு இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது. எனவே நறுக்கி அரை மணி நேரம் வைத்துவிட்டு அடுப்பேற்றுங்கள். நேரமில்லையா? வெந்த பிறகு மேலே கொஞ்சம் பச்சைக் கடுகுப் பொடி தூவுங்கள். கடுகிலும் அதே நொதி இருக்கிறது; வெந்த பிராக்கலியில் கடுகுத் தூள் சேர்த்தபோது உடலில் சல்ஃபரஃபேன் சேர்வது பல மடங்கு கூடியது. தாளிக்கும்போது வெடிக்கும் கடுகு இதற்கு உதவாது, எண்ணெய்ச் சூட்டில் அதன் நொதியும் போய்விடும். தயிர்ப் பச்சடிக்குத் தேங்காயோடு பச்சையாக அரைத்து விடும் கடுகுதான் வேலைக்கு ஆகும்.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். தேயிலையின் பாலிஃபீனால்கள் நல்லவை என்று ஒரு பக்கம் செய்தி வரும். அதே பொருள்கள்தான் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 1975ல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வொன்றில், சோற்றோடு டீ குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ரத்தசோகை உள்ள பெண்கள் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடலாம். எலுமிச்சை பிழிந்தால் இரும்பு இன்னும் நன்றாக ஏறும்.

மஞ்சள் வாங்கும்போது நிறத்துக்கு மயங்காதீர்கள். பளிச்சென்று தெரிய ஈயம் கலந்த குரோமேட் சாயம் பூசுவது தெற்காசியாவில் பழைய மோசடி. வங்கதேசத்தில் 2019ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசும் ஆய்வாளர்களும் சேர்ந்து கடுமை காட்டிய பிறகு 2021ல் அது பூச்சியமானது. விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைப்பவர்களும் மெருகேற்றாத மங்கல் நிறக் கிழங்காகப் பார்த்து வாங்குவது நல்லது.

படி 8: மாத்திரைதான் வேண்டும் என்றால்

முழங்கால் வலிக்காக மஞ்சள் காப்ஸ்யூல் சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்கிறீர்கள். அதை மருந்தாகவே நடத்துங்கள். நம் நாட்டில் இந்த வகை டப்பாக்களில் “மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல” என்று ஆங்கிலத்தில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பித்தப்பைக் கல் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடக்கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்களும் யோசிக்க வேண்டும். அந்தக் கல்லை உண்டாக்கக்கூடிய ஆக்சலேட் மஞ்சளில் உண்டு. பம்பளிமாஸ், கிரேப் ஃப்ரூட் சாப்பிடுபவர்கள் கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பழங்களிலும் பைப்பரின் போலவே நொதிகளைத் தடுக்கும் பொருள் இருக்கிறது.

ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருள் ஆரம்பிக்காதீர்கள். எதனால் என்ன நடந்தது என்று தெரியாது. தொடங்கும் முன் வலியைப் பத்துக்கு எத்தனை என்று எழுதிவைத்து, வாரம் ஒரு முறை குறித்து வாருங்கள். 12 வாரத்தில் வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

கல்லீரல் பற்றிய எச்சரிக்கையை அலட்சியம் செய்யக்கூடாது. இத்தாலியில் 2019ல் மஞ்சள் மாத்திரைகளோடு தொடர்புள்ள கல்லீரல் அழற்சி நோயாளிகள் அடுத்தடுத்துத் தெரியவந்தார்கள். மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பு 2022ல் பத்துப் பேரைப் பற்றி எழுதியது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. நமக்கு அது இருக்கிறதா என்று யாரும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதில்லை. பசி போவது, உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் பைப்பரின் சேர்ந்திருக்கிறதா, எவ்வளவு என்பதை அவர் பார்க்க வேண்டியிருக்கும்.